கோட்டைமேடு: கோவை ஏழு முறை கைமாறிய நிகழ்வு ஆய்வு (1760–1805)

கோவை கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை. மேடு இருக்கிறது, பெயர் இருக்கிறது, சங்கமேசுவரரை ஊர்க்காரர்கள் இன்றும் கோட்டை ஈசுவரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1768 முதல் 1799 வரையிலான 31 ஆண்டுகளில் கோவை ஏழு முறை கைமாறியது. 1768-இல் மட்டும் இரண்டு முறை. பிறகு 1783, 1784, 1790, 1791, கடைசியாக 1799. இதில் நான்கு முறை பிடித்தது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி, மூன்று முறை மீட்டது மைசூர்.

இந்த ஏழில் ஒரு முறையாவது கொங்கு நாட்டுக்குள் எழுந்த தகராறுக்காகக் கோவை தாக்கப்பட்டதா? ஒவ்வொரு முறையையும் அதன் வேர் வரை தோண்டிப் பார்த்தால் கிடைப்பது ஒரே விடைதான்: இல்லை. சண்டை மூண்ட இடம் ஒவ்வொரு முறையும் வேறெங்கோ இருந்தது. புதுச்சேரி, மசூலிப்பட்டணம், மாஹே, கொடுங்கல்லூர், ஒரு முறை மொரீசியஸ் தீவு. அடி விழுந்தது மட்டும் நொய்யல் கரையிலும் பவானிக் கரையிலும்.

மைசூரும் கொங்குக்கு வெளியிலிருந்து வந்த ஆட்சிதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே மதுரை நாயக்கர்களிடமிருந்து கொங்கின் பெரும்பகுதியை மைசூர் உடையார்கள் பிடித்துக்கொண்டார்கள். கொங்கின் வழிவழித் தலைவர்களான பட்டக்காரர்களுக்கும் மைசூர் அதிகாரிகளுக்கும் வரித் தகராறு இருந்தது, கைகலப்பும் இருந்தது. கும்பினி வருவதற்கு முன்னால் இங்கே எல்லாம் அமைதி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் உள்ளூர்த் தகராறு ஒரு வெள்ளாமையோடு ஓய்ந்துவிடும். கும்பினி வந்த பிறகு மூண்ட போர்களுக்கு அப்படி ஓய்வு இல்லாமல் போனது.

நிலத்தின் அமைப்பு

கொங்கு நாடு ஒரு கிண்ணம் போன்றது. வடக்கிலும் மேற்கிலும் மலை, கிழக்கே காவேரி. இந்தக் கிண்ணத்துக்கு நான்கு வாசல்கள் முக்கியம். மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய், மலபாருக்கு வழி. வடமேற்கே மாயாற்றுப் பள்ளத்தையொட்டி மைசூருக்கு ஏறும் கெஜலட்டி கணவாய். வடக்கே தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய். கிழக்கே கரூர், காவேரியை ஒட்டித் திருச்சிக்குப் போகும் சமதளப் பாதையின் வாய்.

திருச்சியில் படையை வைத்திருப்பவன் மைசூருக்குப் போக வேண்டுமானால் கரூர், ஈரோடு, சத்தியமங்கலம், கெஜலட்டி என்று ஏறலாம். மைசூர்க்காரன் ஆற்காட்டை மிரட்ட வேண்டுமானால் அதே வழியில் இறங்கலாம். கெஜலட்டியின் அடிவாரத்தில் டணாயக்கன் கோட்டை காவல் நின்றது. பவானிசாகர் அணை கட்டியபோது அது நீருக்குள் போய்விட்டது. அணையில் தண்ணீர் நன்றாக வற்றும் ஆண்டுகளில் அங்கிருந்த பழைய கோயில் வெளியே தலைகாட்டும், பார்க்கக் கூட்டம் போகும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் படைகள் இறங்கிய வழி இன்று அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

வழி மட்டும் காரணமல்ல, தானியமும் காரணம். கம்பு, சோளம், ராகி விளையும் காடுகள். கிணற்றுப் பாசனத் தோட்டங்கள். நொய்யலிலும் அமராவதியிலும் பவானியிலும் அணைக்கட்டு வாய்க்கால் வயல்கள். கிளுவை வேலி கட்டிய கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் வளர்ந்த மாடுகள். படை நடத்துபவனுக்கு இந்த நாடு வழியும் களஞ்சியமும் சேர்ந்த ஒன்று. அதனால்தான் இதை யாரும் சும்மா கடந்து போகவில்லை.

முதல் இழுப்பு: கரூர், 1760

ஐரோப்பாவில் 1756-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. அதன் தென்னிந்தியக் கிளையாகப் புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, பிரெஞ்சுக்காரருக்கு உதவ ஐதர் அலி மைசூரிலிருந்து படை அனுப்பினார். அந்தப் படையைத் திரும்ப இழுக்க என்ன வழி? மைசூரின் கையிலிருந்த கரூரைத் தாக்குவது. 1760-இல் கும்பினிப் படை கரூர்க் கோட்டையைப் பிடித்தது. பிரெஞ்சு, ஆங்கிலம் என்ற இரண்டு பெயர்களுக்கும் கரூர்க்காரனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவன் ஊர் நெம்புகோலுக்கு வைக்கிற கல்லாகப் பயன்பட்டது, அவ்வளவே.

கர்நாடகப் போர்களில் ஆற்காட்டு நவாப் முகமது அலியை அரியணையில் நிறுத்தியது கும்பினி. நிறுத்தியதற்கான படைச் செலவை அவர் தலையிலேயே கட்டியது. அவரிடம் ரொக்கம் இல்லை. சென்னையில் இருந்த கும்பினி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கொழுத்த வட்டிக்குக் கடன் வாங்கினார், ஈடாகத் தாலுகா தாலுகாவாக நிலவரி வசூலை எழுதிக் கொடுத்தார். இங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. கடன் கொடுத்தவன் ஆட்சிக்குழுவிலும் உட்கார்ந்திருந்தான். நவாபுக்குப் புது நிலம் சேர்ந்தால் அவன் கடன் திரும்பி வரும். நிலம் சேர வேண்டுமானால் போர் வேண்டும். பக்கத்து நாட்டின் மேல் போர் தொடுப்பது அரசியல் முடிவாக மட்டும் இல்லாமல் கடன் வசூலாகவும் ஆனது.

1767–69: பிடிப்பது சுலபம்

1766-இல் ஐதராபாத் நிஜாமோடு கும்பினி ஓர் உடன்படிக்கை செய்தது. வடசர்க்கார் பகுதி (இன்றைய ஆந்திரக் கடற்கரை) தனக்கு வேண்டும் என்பதற்காக, நிஜாமுக்குத் தேவைப்படும்போது படை தருவதாக ஒப்புக்கொண்டது. நிஜாம் ஐதரைத் தாக்கக் கிளம்பினார், கும்பினிப் படையும் கூடவே போனது. போன வழியில் நிஜாம் கட்சி மாறி ஐதரோடு சேர்ந்துவிட்டார். செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் 1767 செப்டம்பரில் இருவரையும் கர்னல் ஸ்மித் எதிர்கொண்டார். தோற்ற நிஜாம் 1768 பிப்ரவரியில் மறுபடி கும்பினியோடு கைகுலுக்கினார்.

மசூலிப்பட்டணம் உடன்படிக்கை எனப்படும் அந்த 1768 உடன்படிக்கையை நிதானமாகப் பார்க்க வேண்டும். அதில் ஐதர் ஆட்சியைக் களவாடியவர் என்று அறிவிக்கப்பட்டார். அவருடைய நாட்டின் வரி வசூல் உரிமை, ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் கப்பம் என்ற கணக்கில், கும்பினிக்கு எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்த நிஜாமின் கையில் அந்த நாடு இல்லை. வாங்கிக்கொண்ட கும்பினியின் கையிலும் இல்லை. காகிதத்தில் முதலில் விற்றார்கள், அதன் பிறகு பிடிக்கப் போனார்கள். கொங்கின் மேல் விழுந்த முதல் பெரிய படையெடுப்புக்கு ஆதாரம் இதுதான்.

1768 கோடையில் கர்னல் வுட் தலைமையிலான படை சேலம், நாமக்கல், ஈரோடு, கோவை, திண்டுக்கல் என்று வரிசையாகப் பிடித்தது. எதிர்ப்பு அதிகமில்லை. ஐதரின் முக்கியப் படை மேற்குக் கடற்கரையில் இருந்தது. கர்னல் ஸ்மித்தின் முக்கியப் படையோடு சென்னை ஆட்சிக்குழுவின் பிரதிநிதிகளும் நவாபும் கூடவே வந்தார்கள், பிடித்த இடத்தில் உடனே வரி வாங்குவதற்காக. எங்கே அடுத்துப் போவது என்பதைத் தளபதி தனியாகத் தீர்மானிக்க முடியவில்லை.

பிழை இங்கேதான். ஒவ்வொரு கோட்டையிலும் வசூலுக்குக் காவலாக ஒரு சிறு படையை விட்டுவிட்டு நகர்ந்தார்கள். இருபது முப்பது இடங்களில் ஐம்பது நூறு பேராகப் படை சிதறியது. எந்த ஒரு கோட்டையும் பக்கத்துக் கோட்டைக்கு உதவ முடியாத நிலை. நவம்பரில் ஐதரின் தளபதி பஸ்லுல்லா கான் கெஜலட்டி வழியாக இறங்கினார். டிசம்பரில் ஐதரே தொப்பூர் வழியாக வந்தார். கரூருக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் கேப்டன் நிக்சனின் சிறு படை வெட்டவெளியில் சிக்கி அழிந்தது. அரை ஆண்டில் பிடித்ததெல்லாம் சில வாரங்களில் போய்விட்டது. 1769 மார்ச்சில் ஐதர் பரங்கிமலைக்கு அருகே குதிரைப்படையோடு நின்றார். ஏப்ரலில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்ததை இருதரப்பும் திருப்பிக் கொடுப்பது, கரூர் மட்டும் ஐதருக்கு, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது.

ஆள் மாறியபோதெல்லாம் ஊர்களில் என்ன நடந்திருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். ஜூனில் வந்தவனுக்குத் தானியம் கொடுத்த ஊர்க்கவுண்டர் டிசம்பரில் வந்தவனுக்குத் துரோகி. ஒரே வெள்ளாமைக்கு இரண்டு அரசுகள் வரி கேட்டன. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் நிலைக்கும் என்ற உறுதி கிடையாது. அயல் படை தங்குவதைவிட, ஆசை காட்டிச் சேர்த்துக்கொண்டு பாதியில் விட்டுப் போவது ஊர்களை மோசமாகப் பிளக்கும். பிற்பாடு 1800-இல் வெடித்த பகைகளுக்கு விதை இங்கே விழுந்தது என்பது எங்கள் கணிப்பு.

1780–84: அமெரிக்காவில் போர், தாராபுரத்தில் குண்டு

1770-71-இல் மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது, கையெழுத்துப் போட்டபடி கும்பினி உதவவில்லை. ஐதர் அதை மறக்கவில்லை. 1778-இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரில் பிரான்சு இங்கிலாந்துக்கு எதிராக இறங்கியது. உடனே இந்தியாவில் இருந்த பிரெஞ்சு ஊர்களைக் கும்பினி பறிக்கத் தொடங்கியது. 1779 மார்ச்சில் மாஹே வீழ்ந்தது. மாஹே ஐதரின் பாதுகாப்பில் இருந்த துறைமுகம், அவருக்கு ஆயுதம் வந்து இறங்கிய வழி. 1780 ஜூலையில் ஐதர் ஆற்காட்டு நாட்டுக்குள் பெரும்படையோடு இறங்கினார். செப்டம்பரில் பொள்ளிலூரில் கும்பினிப் படை ஒன்று முழுதாக அழிந்தது.

கொங்கின் முறை 1783-இல் வந்தது. ஏப்ரலில் கர்னல் லாங் கரூரைப் பிடித்தார். அவருக்குப் பின் வந்த புல்லர்ட்டன் ஜூனில் தாராபுரத்தையும் நவம்பரில் பாலக்காட்டையும் கோவையையும் பிடித்தார். அடுத்து கெஜலட்டி ஏறி மைசூர்த் தலைநகர் சீரங்கப்பட்டணம் போவது அவர் திட்டம். இதற்கிடையே ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்திருந்தார்கள், சென்னை ஆட்சிக்குழுவும் ஐதருக்குப் பின் வந்த மகன் திப்புவிடம் சமாதானம் பேசத் தூதர்களை அனுப்பியிருந்தது. கோவையில் இருந்த புல்லர்ட்டனுக்கு, பிடித்ததை விட்டு விலகச் சொல்லி ஓர் உத்தரவு வந்தது. விலகத் தொடங்கிய பிறகு, நில் என்று இன்னொன்று. 1784 மார்ச் 11-இல் மங்களூர் உடன்படிக்கை எல்லாவற்றையும் போருக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோனது. கோவை மறுபடி மைசூருக்கு.

நான்கு ஆண்டுப் போருக்குப் பின் எல்லைக்கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையில் திருவிதாங்கூர் அரசர் கும்பினியின் நண்பர் என்று பெயர் எழுதப்பட்டது. அடுத்த போருக்கான கண்ணி அந்த ஒரு வரியில் வைக்கப்பட்டது.

1790: மாட்டுக் கணக்கு

டச்சுக்காரர்கள் கொடுங்கல்லூர்க் கோட்டையையும் ஆயக்கோட்டையையும் 1789-இல் திருவிதாங்கூருக்கு விற்றார்கள். அந்த நிலம் தனக்குக் கப்பம் கட்டும் கொச்சிக்குச் சொந்தம், விற்க டச்சுக்காரருக்கு உரிமை இல்லை என்றார் திப்பு. 1789 டிசம்பர் 29-இல் திருவிதாங்கூர் அரணைத் தாக்கினார். கும்பினி நண்பனைக் காக்க இறங்கியது. 1790-இல் மராட்டியரின் பேஷ்வாவோடும் நிஜாமோடும் கூட்டு எழுதிக்கொண்டது. டச்சுக்காரன் விற்க, திருவிதாங்கூர் வாங்க, மைசூர் சண்டைக்கு வர, கும்பினி இறங்க, போர்க்களம் கொங்கு.

ஜெனரல் மெடோஸ் திருச்சியில் சுமார் 15,000 பேரைத் திரட்டி மே மாதக் கடைசியில் புறப்பட்டார். ஜூன் நடுவில் கரூர், பிறகு தாராபுரம், ஜூலை 21-இல் கோவை. திட்டம் வெளிப்படையானது. கொங்கின் தானியத்தைக் கோட்டைகளில் சேர்த்து வைத்துக்கொண்டு கெஜலட்டி வழியாக மைசூருக்கு ஏற வேண்டும். அதாவது கொங்கு படையெடுக்கப்பட்டதே அது விளைகிற நாடு என்பதற்காக.

15,000 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 900 கிராம் அரிசி என்று வைத்தால் 13.5 டன். ஒரு பொதிமாடு சுமார் 70 கிலோ சுமக்கும் என்றால் ஒரு நாள் அரிசிக்கு மட்டும் 190-க்கு மேல் மாடுகள். ஒரு மாதத்துக்கு 5,700-க்கு மேல். இது சண்டைபோடுகிறவனின் வயிறு மட்டும். அந்தக் காலப் படைகளில் சிப்பாயைவிடக் கூட வரும் கூட்டம் பல மடங்கு: குதிரைக்குப் புல் அறுப்பவர், பல்லக்குத் தூக்குபவர், கடைக்காரர், சிப்பாய்களின் குடும்பங்கள். பீரங்கி இழுக்கும் சோடிகள், கூடாரம், வெடிமருந்து, குண்டு எல்லாம் தனி. ஆகக் குறைந்தபட்சம் 10,000 மாடுகள் என்று வைத்தாலும், ஒரு மாட்டுக்கு நாளைக்கு 6 கிலோ தட்டு என்றால் 60 டன் தீவனம். அதைச் சுமந்துகொண்டு வர முடியாது. வழியில் இருக்கும் சோளத்தட்டுப் போரும் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லும்தான். படை ஓரிடத்தில் ஒரு வாரம் தங்கினால் சுற்றிலும் உள்ள மேய்ச்சல் மொட்டையாகிவிடும். தங்காமல் நகர்ந்தால் அடுத்த ஊர்.

ஒரு தோட்டத்தில் இது எப்படி இறங்கும்? கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்துக்குச் சோடி மாடு வேண்டும். சரிவில் மாடு இறங்கும்போது தோல்பறி மேலே வரும், பின்னால் ஏறும்போது பறி கிணற்றுக்குள் போகும். ஒற்றை மாட்டால் பறியை இழுக்க முடியாது. சோடியில் ஒன்றைப் பீரங்கிக்குப் பிடித்துக்கொண்டு போனால் மீதியுள்ள ஒன்று கட்டுத்தரையில் வெறுமனே நிற்கும். ராகிக்கு ஏழெட்டு நாளைக்கு ஒரு தண்ணீர் கட்டியாக வேண்டும். இரண்டு தண்ணீர் தவறினால் பயிர் சுருண்டுவிடும். அதே மாடுதான் ஏரும் உழும். ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். மெடோஸ் கோவைக்குள் நுழைந்தது ஆடியில். காட்டில் ஏர் ஓட வேண்டிய நேரத்தில் ஏர்மாடு படையோடு போனது. மாட்டுக்குக் காசு கொடுத்தார்களா என்பதைவிட, அந்தப் பட்டத்தில் வாங்க வேறு மாடு இருந்ததா என்பதே கேள்வி. பட்டம் போனால் அந்த ஆண்டு போனது.

படையும் மாட்டால்தான் கெட்டது. செப்டம்பரில் திப்பு கெஜலட்டி வழியாக இறங்கினார். சத்தியமங்கலத்தில் கர்னல் பிளாய்டின் முன்னணிப் படை, மெடோஸின் முக்கியப் படையிலிருந்து வெகு தூரம் விலகித் தனியாக நின்றது. 13-ஆம் தேதி சண்டை. மைசூர் பீரங்கிகளின் அடியில் வண்டிமாடுகள் செத்தன, மிஞ்சியவற்றை ஓட்டுபவர்கள் விட்டு ஓடினார்கள். இழுக்க மாடில்லாமல் சில பீரங்கிகளைக் கைவிட்டுவிட்டு பிளாய்டு தெற்கே விலகினார். மறுநாள் சேவூரில் மறுபடி மோதல். 1768-இல் செய்த அதே தவறு: களஞ்சியங்களைக் காக்கப் படையைப் பிரித்து வைத்து, பிரிந்த துண்டில் அடி வாங்கியது. திப்பு ஈரோட்டையும், அக்டோபரில் தாராபுரத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். மெடோஸின் பெரும் திட்டம் கொங்கைத் தின்றதோடு நின்றது.

1791-இல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பெங்களூர்ப் பக்கமாகப் போரை மாற்றியபோது கோவையில் லெப்டினன்ட் சால்மர்ஸ் கையில் சிறு காவல்படைதான் மிஞ்சியது. திருவிதாங்கூர்ச் சிப்பாய்களும் தொப்பாஸ் எனப்பட்ட கலப்பினத்தாரும் அதில் இருந்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை ஒரு முற்றுகை, தாங்கினார்கள். அக்டோபரில் கமருத்தீன் கான் தலைமையில் இரண்டாவது முற்றுகை. நவம்பர் தொடக்கத்தில் சரண். சரணின் விதிகளைத் திப்பு ஏற்கவில்லை, சால்மர்ஸும் உடனிருந்த நாஷும் சீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார்கள். 1792 பிப்ரவரியில், தலைநகர் முற்றுகையில் இருந்தபோது, அவர்கள் கையிலேயே சமாதானக் கடிதம் கொடுத்துத் திப்பு வெளியே அனுப்பினார். அந்த ஐந்து மாதங்களில் ஊருக்குள் இருந்தவர்கள் என்ன தின்றார்கள் என்று எந்தத் தளபதியின் கடிதமும் சொல்லவில்லை.

1792–99: காவேரி எல்லையான ஏழு ஆண்டுகள்

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்பு பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இரண்டு மகன்களைப் பிணையாகவும் கொடுத்தார். கும்பினிக்குப் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் திண்டுக்கல்லும் மலபாரும். கோவை, ஈரோடு, கரூர் மைசூரிடமே. காவேரிக்கு இக்கரை ஈரோடு மைசூர், அக்கரை பள்ளிபாளையம் கும்பினி. பரிசலில் ஏறி இறங்கினால் வேறு அரசு. ஒரே குலதெய்வத்தைக் கும்பிட்டவர்கள், பெண் கொடுத்து எடுத்தவர்கள், ஆற்றால் இரண்டு நாட்டாராக ஆனார்கள். கோட்டையை மறுபடி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று கோவைக் கோட்டையைத் திப்பு இடித்துவிட்டார். கோட்டைமேடு வெறும் மேடானது அப்போதுதான்.

அக்கரையில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்தார்கள். பின்னால் ரயத்துவாரி என்று தென்னிந்தியா முழுக்கப் பரவிய முறையின் சோதனைக்களம் சேலமும் பாராமகாலும். ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக, ரொக்கமாக, தவணை தேதிப்படி வரி. இடைத்தரகரின் கொள்ளையைக் குறைத்தது என்பது உண்மை. ஆனால் மழை பொய்த்தாலும் கிஸ்து எனப்பட்ட தவணையின் தேதி தவறாது. தானியமாகக் கொடுத்தவன் இப்போது அறுவடைக்கு முன்பே காசுக்கு அலைந்தான். 

இந்த வரிமுறைக்கும் போருக்கும் உள்ள தொடர்பை ரீடு என்ற ஒரே ஆளிடம் பார்க்கலாம். 1799-இல் கடைசி மைசூர்ப் போர் வந்தபோது, பாராமகாலில் தானியமும் மாடும் திரட்டி, ஒரு படைப்பிரிவோடு காவேரிபுரம் கணவாய் வழியாகச் சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஏழு ஆண்டு வசூலித்தவரே படைக்குத் தீனி போடுபவராகவும் ஆனார். எந்த ஊரில் எத்தனை ஏர், எத்தனை மாடு, எத்தனை வண்டி என்பது அவர் கணக்கில் ஏற்கெனவே இருந்தது. நில அளவைப் புத்தகம் அடுத்த போருக்கான கொள்முதல் பட்டியலாகவும் ஆகிவிட்டது.

அந்தப் போருக்குச் சாக்கு மொரீசியஸ். அங்கே திப்புவின் தூதர்கள் பிரெஞ்சு உதவி கேட்டதை, ஆளுநர் மலார்த்திக் 1798 ஜனவரியில் ஊரறிய அறிவித்துவிட்டார். வந்து சேர்ந்த தொண்டர்கள் சுமார் நூறு பேர். அந்த நூறு பேரைக் காட்டிக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி முழுப் போரைத் தொடுத்தார். 1799 மே 4-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு களத்தில் மாண்டார். கோவை கும்பினிக்கு. ஏழாவது கைமாற்றம், கடைசி.

1800–05: வெற்றிக்குப் பின் வந்த போர்

இதற்கு மேல் கொங்கில் எதிரி இல்லை என்று கும்பினி நினைத்தது. அடுத்த ஆண்டே கோவையில் கலகம். மைசூர்ப் படை கலைக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களும் காலாட்களும் சம்பளமில்லாமல் ஊர் திரும்பினார்கள், கையில் ஆயுதத்தோடும் பயிற்சியோடும். ஈராக்கில் 2003 மே மாதம் அமெரிக்கா அந்நாட்டுப் படையை ஒரே உத்தரவில் கலைத்தபோது நடந்ததும் இதுதான். தோற்றவனின் சிப்பாய்க்குப் பிழைப்பு இல்லையென்றால் அவன் அடுத்த போரின் சிப்பாய். அப்படித் திரண்டவர்களுக்குத் தலைமை தாங்கியவர் துந்தாஜி வாக், சீரங்கப்பட்டணச் சிறையிலிருந்து 1799-இல் வெளியேறியவர். இன்னொரு பக்கம், வழிவழியாகக் காவல் உரிமையும் வரியில் பங்கும் வைத்திருந்த பாளையக்காரர்களும் பட்டக்காரர்களும் ஒரே கையெழுத்தில் அவற்றை இழந்துகொண்டிருந்தார்கள். 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டது எல்லோருக்கும் விடுத்த எச்சரிக்கை. அது பயத்தைவிட அவசரத்தைத்தான் கூட்டியது.

1800 ஏப்ரல் 29-இல் பழனி மலையடியில் உள்ள விருப்பாச்சியில், கோபால நாயக்கர் இடத்தில் கூடினார்கள். (விருப்பாச்சி என்றால் இன்று பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் வரும் ஊர்.) கணவனை இழந்த வேலுநாச்சியாருக்கு எட்டு ஆண்டு அடைக்கலம் கொடுத்த பாளையம் அது, சதியாலோசனைக்குப் பழகிய இடம். திட்டம் இது: ஜூன் 3 அன்று கோவையில் இருக்கும் கும்பினிப் படை முகாமைத் தாக்குவது. அந்த நாள் முகரம் பத்து. ஊர்வலக் கூட்டத்தில் ஆள் சேர்வது கண்ணில் படாது. முகாமுக்குள் இருந்த முஸ்லிம், ராசபுத்திரச் சிப்பாய்களையும் தம் பக்கம் இழுப்பது, கோவை விழுந்ததும் மற்ற இடங்களில் ஒரே நேரத்தில் எழுவது. பரமத்தி அப்பாச்சிக் கவுண்டர், கான்-இ-ஜகான் போன்றவர்கள் கொங்குப் பக்கம். துந்தாஜியின் குதிரைப்படை வடக்கிலிருந்து வர வேண்டும்.

திட்டம் கூர்மையானது, ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. பல நாள் தூரத்தில் இருக்கும் படைகள் ஒரே தேதியை நம்பியிருந்தன, தேதியை மாற்றவோ நிறுத்தவோ ஓட்டக்காரனைத் தவிர வழியில்லை. ஒருவர் முந்தினால் எல்லோரும் வெளிப்படுவார்கள், ஒருவர் பிந்தினால் எல்லோரும் தனித்துவிடப்படுவார்கள். விஷயம் முன்கூட்டியே வெளியானது. வடக்கிலிருந்து உதவி வந்து சேரவில்லை. பிடிபட்டவர்களில் 42 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். செப்டம்பர் 10-இல் கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லியின் படையிடம் துந்தாஜி மாண்டார். 1801-இல் கோபால நாயக்கர் திண்டுக்கல்லில் தூக்கிலேறினார். ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் அதே ஆண்டில். 1801 டிசம்பர் 1-இல் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் விட்ட அறிவிப்பு பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும், குடிகள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கவும் உத்தரவிட்டது.

அந்த அறிவிப்புக்குப் பிறகும் அடங்காதவர் தீர்த்தகிரி, தீரன் சின்னமலை என்று பெயர் பெற்றவர். காங்கயம் பக்கம் மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்தவர். மைசூருக்கு வரிப்பணம் கொண்டுபோனவர்களை மறித்துப் பணத்தைப் பறித்துவிட்டு, கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று அனுப்பினார் என்பது கொங்கு முழுக்கச் சொல்லப்படும் கதை. மைசூரின் வசூலை மறித்த அதே ஆள் பின்பு திப்புவோடு சேர்ந்து கும்பினியை எதிர்த்ததில் முரண் எதுவும் இல்லை. இங்கே விளைந்தது இங்கேயே இருக்க வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. அறச்சலூர் அருகே ஓடாநிலையில் கோட்டை கட்டினார். காவேரிக் கரை, ஓடாநிலை, அறச்சலூர் என்று மூன்று மோதல்களைப் பாட்டும் நினைவும் சுமந்து வந்திருக்கின்றன. ஓடாநிலைக் கோட்டையைக் கும்பினி பீரங்கி வைத்துத் தரைமட்டமாக்கியது என்பதும் அந்த மரபே.

1805 ஜூலை 31-இல் சங்ககிரி மலைக்கோட்டையில் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். அன்று ஆடிப் பதினெட்டு என்று சொல்வார்கள். மலைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில், சில ஆண்டுகளுக்கு முன் எல்லையாக இருந்த காவேரி. ஆடிப்பெருக்குக்குக் கரையில் முளைப்பாரி விடும் நாள். சங்ககிரியைச் சுற்றியுள்ள காடுகளில் அது விதைப்பு நேரம். கிஸ்துக்குக் காசு புரட்ட வேண்டிய கவலையும் அந்த விதையோடு சேர்ந்தே மண்ணில் விழுந்தது.